சோமர்லெட் பற்றிய சரித்திர நாவல்: கதையை எந்த ஆண்டில் தொடங்குவது?

கரையோரன் (இழை தொடக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். 12-ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை வைத்து ஒரு சரித்திர நாவல் எழுத ஆரம்பித்திருக்கிறேன். நாயகன் சோமர்லெட். அவன் பெயர் நார்ஸ் பெயர், அதாவது நார்வே பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் மொழி. அப்பா கில்லே பிரீடே, தாத்தா கில்லே அதம்னான், இரண்டும் அசல் கேலிக், அதாவது அயர்லாந்திலும் மேற்கு ஸ்காட்லாந்திலும் பேசிய மொழி. கலப்புக் குடும்பம் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

புதிதாக வருபவர்களுக்குச் சூழலைச் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் மேற்கு விளிம்பில் ஆர்கைல், கின்டயர் பகுதிகள். அதற்கு அப்பால் ஹெப்ரிடீஸ் தீவுகள்: ஐலா, ஜூரா, மல், ஸ்கை, லூயிஸ். தெற்கே ஐரிஷ் கடலின் நடுவில் மேன் தீவு. தீவுகள் அனைத்துக்கும் சேர்த்து ஓர் அரசன் மேன் தீவில் இருந்தான். அவனுக்கு மேலே பெயரளவில் நார்வே அரசன். 1098-இல் நார்வேயின் மாக்னஸ் படையோடு வந்தபோது தீவுகள் நார்வேக்கு, பெருநிலம் ஸ்காட்லாந்துக்கு என்று பாகம் பிரிந்தது. கின்டயரையும் தீவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள, டார்பர்ட் என்ற ஒடுங்கிய நிலத்தின் மேல் ஆட்களை விட்டுக் கப்பலை இழுக்கச் சொல்லி, தான் சுக்கான் பிடித்து உட்கார்ந்துகொண்டு போனானாம் மாக்னஸ். அப்படிப்பட்ட ஊர்.

அங்கே எங்கிருந்தோ கிளம்பிய ஒருவன் 1164-இல் 160 கப்பல்களோடு ஸ்காட்லாந்து அரசன் மீதே படையெடுத்துப் போகிறான். அவன் வம்சம் 1493 வரை தீவுகளை ஆண்டது.

முதல் மூன்று அத்தியாயங்களில் அவன் இளமையை எழுதினேன். மோர்வர்ன் மலைகள், சால்மன் மீன், மாட்டுத்தோல் தந்திரம் எல்லாம் வைத்து. படித்த நண்பர், "சண்டை நன்றாக இருக்கிறது, ஆனால் இவன் ஏன் ஜெயிக்கிறான் என்றே புரியவில்லை" என்றார். கேள்வி சரியாகத்தான் இருக்கிறது. கதையை எங்கே தொடங்கலாம்? இந்தக் காலத்தைப் படித்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி

இளமைக் கதைகளை அப்படியே எடுத்துவிடுங்கள் என்பேன். நீங்கள் சொல்வதெல்லாம் 17-ஆம் நூற்றாண்டில் மெக்டொனால்ட் குலத்தார் எழுதிவைத்த குலவரலாறுகளில் இருந்து வருபவை. சோமர்லெட் இறந்து ஏறக்குறைய 500 ஆண்டு கழித்து எழுதியவை. "இந்த நிலம் எங்கள் பாட்டன் வாளால் வென்றது" என்று நிலைநாட்டுவதுதான் அவற்றின் வேலை. அதனால்தான் எல்லாமே வாள், தந்திரம், வெற்றி.

அவன் காலத்துக்கு நெருக்கமான ஆவணங்களில் அவன் எட்டிப் பார்ப்பதே 1153-இல்தான். அதற்கு முன்னால் உறுதியாக ஒன்றே ஒன்று தெரியும்: 1140 வாக்கில் மேன் அரசன் ஓலாஃபின் மகள் ராக்ன்ஹில்டைத் திருமணம் செய்துகொண்டான். மேன் தீவின் வரலாற்றுக் குறிப்பேடு இந்தத் திருமணத்தைப் பற்றி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்கிறது: தீவுகளின் அரசு முழுவதும் நாசமானதற்கு இதுதான் காரணம் என்று. இதை எழுதியவர்கள் ரஷென் மடத்துத் துறவிகள். அந்த மடத்துக்கு 1134-இல் நிலம் கொடுத்ததே ஓலாஃப்தான். ஆகவே அவர்கள் வயிற்றெரிச்சலோடுதான் எழுதுவார்கள். ஆனால் எதிரி எழுதினாலும் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அவன் எழுச்சி அந்தக் கல்யாணத்தில் தொடங்குகிறது. நீங்களும் அங்கேயே தொடங்குங்கள்.

மீன்கொத்தி

பழஞ்சுவடி சார், அவர் கேட்டது நாவலுக்கு. முனைவர் பட்டத்துக்கு இல்லை :)

அந்தக் கதைகளைப் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மோர்வர்னில் தலைவனை இழந்த ஒரு கூட்டம், கொள்ளைக்காரர்கள் கரையிறங்கியதும் சோமர்லெட்டைத் தேடி வருகிறது. அவன் ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். ரொம்ப நேரமாகப் போக்குக் காட்டும் சால்மன் இன்று சிக்கினால் வருகிறேன், இல்லாவிட்டால் ஆளை விடுங்கள் என்கிறான். சிக்குகிறது. அப்புறம் கையில் இருக்கும் கொஞ்சம் ஆட்களை ஒரு குன்றைச் சுற்றி நடக்கவிடுகிறான். முதல் சுற்றில் சாதாரண உடை. அடுத்த சுற்றில் அறுத்த மாடுகளின் தோலைப் போர்த்திக்கொண்டு. மூன்றாவது சுற்றில் அதே தோலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. எதிரி மூன்று படை வருகிறது என்று நினைத்துக் கலங்கிவிடுகிறான்.

கல்யாணக் கதை இன்னும் ஜோர். ஓலாஃப் பெண் தர மறுக்கிறான். சோமர்லெட்டின் ஆள் மாரிஸ் மெக்நீல் என்பவன் இரவோடு இரவாக அரசனின் கப்பல் அடியில் துளை போட்டு, வெண்ணெயும் மாட்டுக்கொழுப்பும் வைத்து அடைத்துவிடுகிறான். நடுக்கடலில் அலை அடித்ததும் அடைப்புக் கரைந்து தண்ணீர் ஏறுகிறது. பக்கத்துக் கப்பலில் சோமர்லெட். பெண் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தபின் மாரிஸ் உள்ளே குதித்து, தயாராகச் செதுக்கி வைத்திருந்த ஆப்புகளை அடித்து ஓட்டையை மூடுகிறான். தொடர்கதையாக வந்தால் அடுத்த வார இதழுக்காக ஜனங்கள் கடையில் காத்துக் கிடப்பார்கள். இதைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்களே!

பழஞ்சுவடி

சுவையான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஓலாஃபை முட்டாளாக்குகிறது. அவன் சுமார் 40 ஆண்டு ஆண்டவன். ஐரிஷ் அரசர்களோடும், ஸ்காட்லாந்தோடும் சண்டை வராமல் ஓட்டியவன் என்று அதே குறிப்பேடு சொல்கிறது. தென்மேற்கு ஸ்காட்லாந்தின் காலோவே பகுதித் தலைவன் ஃபெர்கஸின் மகளைத் தானே கட்டியவன். பெரிய படை இல்லாத அரசன் பெண் கொடுத்து, பெண் எடுத்து அரசியல் செய்கிறான். ஆர்கைல் கரையில் கப்பலும் ஆளும் வைத்திருக்கும் ஒருவனை மருமகனாக்கிக்கொண்டால் வடக்குக் கடல்வழி அவனுக்குப் பத்திரம். ஏமாந்து பெண் கொடுத்தவனை விட, கணக்குப் போட்டுக் கொடுத்து அந்தக் கணக்கில் தோற்றவன் நாவலுக்குப் பெரிய பாத்திரம்.

திண்ணைவாசகி

மூன்று ஆண்கள் ஒரு கல்யாணத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டீர்கள், கல்யாணப் பெண்ணை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கரையோரன், உங்கள் நண்பர் கேட்டாரே, இவன் ஏன் ஜெயிக்கிறான் என்று. ராக்ன்ஹில்டைப் பாருங்கள், விடை அங்கே இருக்கிறது. சோமர்லெட்டுக்குத் தீவுகளின் சிம்மாசனத்தில் துளி உரிமை கிடையாது. அரச ரத்தம் அவளுடையது. ஓலாஃப் இறந்தபின் அவன் மகன் கோட்ரெட் அரசனாகிறான். டப்ளினிலும் கை வைத்துப் பார்க்கிறான். தலைக்கனம் ஏறி, தலைவர்களின் நிலங்களைப் பிடுங்க ஆரம்பிக்கிறான். வெறுத்துப்போனவர்களில் பெரிய ஆளான தோர்ஃபின் சோமர்லெட்டிடம் வருகிறான். வந்து என்ன கேட்கிறான்? "நீ அரசனாக வா" என்றா? "உன் மகன் டுகாலைக் கொடு, அவனைத் தீவுகளுக்கு அரசனாக்குகிறேன்" என்கிறான்.

டுகால் ஓலாஃபின் பேரன். தோர்ஃபின் அந்தப் பையனைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகப் போய், ஒவ்வொரு இடத்திலும் பணயக் கைதிகளை வாங்கி வருகிறான். 1140-ஐ ஒட்டித் திருமணம் என்றால் பையனுக்கு அப்போது 14, 15-க்கு மேல் இருக்காது. சோமர்லெட்டின் எழுச்சி என்கிறோமே, அதன் முதல் படியில் அவன் கப்பலில்கூட இல்லை!

இன்னொன்று. கோட்ரெட் ராக்ன்ஹில்டுக்கு உடன்பிறந்தவன். தாய் வேறு, தகப்பன் ஒன்று. 1156-இல் நடந்தது கணவனுக்கும் தம்பிக்கும் சண்டை, நடுவில் நிறுத்தப்பட்டது அவள் பெற்ற பிள்ளை. குறிப்பேடு அவளுக்கு ஒதுக்கியது ஒரு வரி, அதுவும் பழி. மிச்சம் எல்லாம் நாவலாசிரியர் கையில்.

கரையோரன்

அக்கா, இது வேறு நாவலாகவே மாறிவிட்டது. நன்றி. தோர்ஃபின் வருகை என் கையெழுத்துப் பிரதியில் 11-ஆம் அத்தியாயத்தில் இரண்டு பக்கம்தான் இருக்கிறது.

1153 பற்றி யாராவது கொஞ்சம் விளக்க முடியுமா? அந்த ஆண்டில் ஏகப்பட்ட பேர் சாகிறார்கள். வரிசை குழம்புகிறது.

நாள்காட்டி

வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த ஆண்டுதான் அவனுக்குக் கதவைத் திறந்தது.

மே 24: ஸ்காட்லாந்து அரசன் டேவிட் சாகிறான். ஏறத்தாழ 30 ஆண்டு கோலோச்சியவன். மகன் முந்தின ஆண்டே இறந்துவிட்டதால் பேரன் மால்கம் பட்டத்துக்கு வருகிறான். வயது 12.

ஜூன் 29: ஓலாஃப் கொலை. அவன் அண்ணன் ஹரால்டின் மகன்கள் டப்ளினில் வளர்ந்தவர்கள், படையோடு வந்து அரசில் பாதி கேட்கிறார்கள். பேசி முடிவெடுக்கலாம் என்று மேன் தீவின் ராம்சே துறைமுகத்தில் நாள் குறிக்கிறார்கள். இரண்டு தரப்பும் எதிரெதிர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. சகோதரர்களில் ரெய்க்னால்ட் என்பவன் மட்டும் தள்ளி நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறான். அரசன் கூப்பிட்டதும் வணக்கம் சொல்பவன் போலத் திரும்பி, பளபளக்கும் கோடரியை உயர்த்தி ஒரே வெட்டில் தலையைத் துண்டிக்கிறான். இது குலக்கதை இல்லை, குறிப்பேட்டில் இருப்பது. மீன்கொத்தி, உங்களுக்கு வேண்டிய காட்சி உண்மையிலேயே இருக்கிறது பாருங்கள்.

கோட்ரெட் அப்போது நார்வேயில், அரசன் இங்கேயிடம் பணிவு தெரிவிக்கப் போயிருக்கிறான். இலையுதிர் காலத்தில் திரும்பி வந்து கொலைகாரர்களைத் தண்டிக்கிறான்.

ஆண்டு முடிவதற்குள், ஸ்காட்லாந்தில் சோமர்லெட் தன் மருமகன்களோடு புது அரசனுக்கு எதிராகக் கிளம்புகிறான். ஹோலிரூட் மடத்துக் குறிப்பேட்டில் அவன் முதல் தடவையாகத் தலைகாட்டுவது இங்கேதான். மருமகன்கள் என்பது அவன் சகோதரியின் பிள்ளைகள், மால்கம் என்ற வேறொருவரின் மகன்கள். இந்த மால்கம் 1134 முதல் ராக்ஸ்பரோ கோட்டையில் சிறையில் கிடக்கிறார். இங்கே ஒரு புதைகுழி இருக்கிறது, விழுந்துவிடாதீர்கள்: இந்தக் காலத்தில் மால்கம் என்ற பெயரில் கலகக்காரர் ஒருவரா இருவரா என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நாவலில் ஒருவரை வைத்துக்கொள்வது வாசகருக்கு நல்லது.

ஐந்து வார இடைவெளியில் கிழக்கே ஒரு பழைய அரசன், தெற்கே ஒரு பழைய அரசன், இரண்டு பேரும் போய்விட்டார்கள். இரண்டு அரசுகளுக்கும் நடுக் கடற்கரையில் கப்பலோடு உட்கார்ந்திருப்பவன் சோமர்லெட். ஜெயித்ததற்குக் காரணத்தில் பாதி இது.

குறும்பன்

ஆக கதாநாயகனின் முதல் தகுதி, மற்றவர்கள் செத்தபோது உயிரோடு இருந்தது. குறித்துக்கொண்டேன்.

சுக்கான்

கடல் பகுதிக்கு நான் வருகிறேன்.

ஜனவரி 5-6, 1156. மூன்று அரசர் திருநாளின் இரவு. தோர்ஃபினின் சுற்றுப்பயணம் நடக்கும்போது பால் என்ற ஒரு தலைவன் ரகசியமாக நழுவிப்போய் கோட்ரெட்டிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டான். உடனே கோட்ரெட் கப்பல்களைத் தயார்செய்துகொண்டு கிளம்ப, சோமர்லெட் 80 கப்பலோடு எதிரே வந்தான். இரவெல்லாம் சண்டை. இரண்டு பக்கமும் ஏகப்பட்ட சாவு. விடிந்ததும் சமாதானம் பேசி அரசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். குறிப்பேடு இடத்தைச் சொல்லவில்லை. ஐலாவுக்கு அருகே என்பது வழக்கு. பிற்காலத்தில் லூயிஸும் ஸ்கையும் மேன் அரசர் கையில் இருப்பதைப் பார்த்தால், மல், ஜூரா, ஐலா பக்கம்தான் சோமர்லெட்டுக்கு வந்திருக்கிறது.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை. அந்த அட்சரேகையில் ஜனவரி இருட்டு 16 மணி நேரத்துக்கு மேல் நீளும். மாலை நாலு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். அந்தக் குளிரில், நனைந்த கையோடு, துடுப்பு பிடிப்பதே பெரும்பாடு. கப்பல்கள் நார்ஸ் மரபில் வந்தவை: பலகைமேல் பலகை ஏற்றி இரும்பு ஆணி அடித்தவை, ஆழம் குறைந்த அடிப்பாகம், ஒற்றைப் பாய்மரம், சதுரப் பாய், இரு பக்கமும் துடுப்பு வரிசை. பின்னாளில் பிர்லின் என்று பெயர் பெற்ற வகையின் முன்னோர். ஒரு கப்பல் இன்னொன்றை இடித்து மூழ்கடிக்கிற சண்டை இல்லை இது. நெருங்கி, கல்லும் அம்பும் ஈட்டியும் எறிந்து, கப்பலோடு கப்பலைக் கொக்கி போட்டுப் பிணைத்து, பிறகு தளத்தில் ஏறி வெட்டிக்கொள்வது. தரைப்போர்தான், தரை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கப்பலின் பின்புற நடுவில் கீல் வைத்துப் பொருத்திய சுக்கானை சோமர்லெட்தான் கண்டுபிடித்தான், அதனால்தான் அவன் கப்பல்கள் சடாரென்று திரும்பி ஜெயித்தன என்று இணையம் முழுக்க எழுதிவைத்திருக்கிறார்கள். அவன் காலத்துச் சான்று எதுவும் அதற்குக் கிடையாது. மேற்குக் கரையின் கல்லறைக் கற்களில் செதுக்கிய கப்பல்களில் அப்படிப்பட்ட சுக்கான் தெரிகிறது, ஆனால் அந்தக் கற்கள் எல்லாம் மிகப் பிந்தியவை. உங்கள் நாவலில் வலப்பக்கம் தொங்கும் பக்கச் சுக்கானையே வையுங்கள். இருட்டில் கப்பல்கள் உரசும்போது முதலில் உடைவதே அதுதான். அதில் ஒரு காட்சி கிடைக்கும்.

மீன்கொத்தி

சுக்கான் ஐயா, அந்தக் கடைசி வரிக்கு ஒரு வணக்கம்.

ஆனால் ஒரு பெரிய விஷயத்தை எல்லோரும் தவிர்க்கிறீர்கள். சோமர்லெட் கேலிக் மக்களை நார்ஸ்காரர்களிடமிருந்து விடுவித்தவன். அவன் வம்சம் 300 ஆண்டு கேலிக் பாட்டையும் சட்டத்தையும் காத்தது. அந்த உணர்ச்சி இல்லாவிட்டால் நாவலுக்கு முதுகெலும்பு எது?

பழஞ்சுவடி

விடுவித்தவன் மனைவி நார்ஸ் அரசன் மகள். அவனை அழைத்த தோர்ஃபின் நார்ஸ் பெயர்க்காரன். மகன்களில் ஒருவன் பெயர் ராக்னால்ட், இன்னொருவன் பெயர் ஆங்கஸ். ஒன்று நார்ஸ், ஒன்று கேலிக், ஒரே வீட்டில். 1164-இல் அவனோடு செத்தவர்களில் டப்ளினின் நார்ஸ்காரர்களும் உண்டு என்று அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. எந்த இனத்திடமிருந்து எந்த இனத்தை அவன் விடுவித்தான்?

இன்னும் ஒன்று. குலவரலாறுகள் அவன் தந்தைவழியை ஐரிஷ் மன்னர்களிடம் கொண்டுபோய் முடிச்சுப் போடுகின்றன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டின் மரபணு ஆய்வாளர் பிரையன் சைக்ஸ் மெக்டொனால்ட், மெக்டூகல், மெக்அலிஸ்டர் குலத்தலைவர்களின் ஒய் குரோமோசோமைப் பரிசோதித்தார். ஒரே தந்தைவழி என்று வந்தது. அந்த வகை ஸ்காண்டிநேவியாவில் பரவலாகக் காணப்படுவது. கேலிக் வீரன் என்று கொண்டாடப்பட்டவனின் ஆண்வழிப் பாட்டன் பெரும்பாலும் நார்ஸ்காரன்.

திண்ணைவாசகி

மரபணுவை வைத்து அவனை நார்ஸ்காரன் ஆக்குவதும் அதே தவறுதான், பழஞ்சுவடி சார். எத்தனையோ தலைமுறைக்கு முந்தின ஒரு பாட்டன் நார்வேயிலிருந்து வந்தான் என்பதால் அவன் தாலாட்டு எந்த மொழியில் கேட்டான் என்று தெரிந்துவிடாது. கின்டயரின் முனையில் நின்றால் 20 கிலோமீட்டர் தள்ளி அயர்லாந்து தெரியும். அந்தக் கரையில் பிறந்தவன் ஆளுக்கு ஏற்றபடி மொழியை மாற்றிப் பேசியிருப்பான். இறந்த ஆண்டில்கூட, அயர்லாந்தின் டெரி மடாதிபதி ஃப்ளாஹ்பெர்டாக்கை அயோனா தீவின் மடத்துக்குத் தலைவராக வரும்படி அவன் அழைத்தான். ஐரிஷ் அரசன் மெக்லாக்லின் விடவில்லை. அயோனா என்றால் கொலம்பா முனிவரின் இடம், கேலிக் உலகத்தின் நெஞ்சுக்கூடு. அதில் கை வைக்க நினைத்தவன் கேலிக் உலகத்துக்குள்ளேதான் தன்னை வைத்துப் பார்த்திருக்கிறான்.

மீன்கொத்தி கேட்ட முதுகெலும்புக்கு என் பதில்: இரண்டு பக்கமும் சொந்தம் உள்ளவன் எந்தப் பக்கத்திலும் முழுதாக நம்பப்படமாட்டான். அந்தச் சங்கடம் போதும் 400 பக்கத்துக்கு.

மீன்கொத்தி

சால்மனையாவது விட்டுவைப்பீர்களா, அதுவும் இல்லையா?

பழஞ்சுவடி

வைக்கலாமே. டுகாலிடம் ஒரு கிழவன் சொல்லும் கதையாக வையுங்கள். அப்பன் உயிரோடு இருக்கும்போதே அவனைப் பற்றிய புராணம் கிளம்பிவிட்டது என்று காட்டினால் நானே கைதட்டுவேன்.

நாள்காட்டி

1158-ஐ யாரும் தொடவில்லை. என்னைக் கேட்டால் சோமர்லெட்டின் குணம் தெரிகிற ஒரே இடம் அது.

சமாதானம் இரண்டு ஆண்டுதான் நீடித்தது. 53 கப்பலோடு மேன் தீவுக்கு வருகிறான். கோட்ரெட் தோற்று நார்வேக்கு ஓடுகிறான். ராம்சேயில் படை தங்கியிருக்கிறது. பக்கத்தில் மாஹோல்ட் முனிவரின் தேவாலயம். ஊர் ஜனங்கள் ஆடுமாடுகளோடும் பணத்தோடும் அங்கே அடைக்கலம் புகுந்திருக்கிறார்கள். கில்கொலம் என்ற தளபதி, உள்ளே நுழைய வேண்டாம், மதிலுக்கு வெளியே மேயும் மாடுகளையாவது ஓட்டிவரலாம் என்று நச்சரிக்கிறான். சோமர்லெட் முதலில் மறுத்து, கடைசியில், அது உனக்கும் அந்த முனிவருக்கும் உள்ள விவகாரம், எனக்கும் படைக்கும் அதில் பங்கு வேண்டாம் என்கிற மாதிரி கையைக் கழுவிக்கொள்கிறான்.

அன்றிரவு கில்கொலமின் கனவில் முனிவர் கைத்தடியோடு வந்து நெஞ்சில் மூன்று குத்து குத்துகிறார். அலறி எழுந்தவன் அடுத்த நாள் துடிதுடித்துச் சாகிறான், முகத்தைச் சுற்றி ஈ மொய்க்க. படை மிரண்டுபோய், அலை ஏறி கப்பல் மிதந்த உடனே கிளம்பிவிடுகிறது.

துறவிகள் எழுதியது, அற்புதக் கதைதான். ஆனால் "செய்துகொள், நான் பார்க்கவில்லை" என்கிற அந்தத் தலைவனை நமக்கு நன்றாகவே தெரியும். சால்மன் பிடிப்பவனை விட இவனிடம் எனக்கு நம்பிக்கை.

கரையோரன்

ஈ மொய்ப்பது அப்படியே நாவலுக்குள் போகிறது.

முடிவைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். 1164 படையெடுப்பில் ரென்ஃப்ரூவில் எப்படிச் செத்தான் என்பதற்கு ஆளுக்கொரு கதை இருக்கிறது.

பழஞ்சுவடி

நான்கு கதை இருக்கிறது. நார்ஸ்காரர்களின் ஆர்க்னி சாகா என்ற பழங்கதை நூல் அவனை ரென்ஃப்ரூவுக்குப் பல ஆண்டுகள் முன்பே ஸ்வேய்ன் என்பவனிடம் சாகவிட்டுவிடுகிறது. அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே சாகா அவன் மனைவி பெயரையும் மூன்று மகன்களையும் சரியாகச் சொல்கிறது, வேடிக்கை.

குலக்கதையில் அவனை நேருக்கு நேர் வெல்ல முடியாமல், லஞ்சம் வாங்கிய உறவினன் ஒருவன் கூடாரத்துக்குள் குத்திக் கொல்கிறான். கொலைகாரன் பெயர் மாரிஸ் மெக்நீல். ஆம், கப்பலில் ஓட்டை போட்டவனும் அதே பெயர்தான்.

கிளாஸ்கோவின் ஒரு பாதிரியார், வில்லியம் என்று பெயர், அந்த நாட்களிலேயே எழுதிய லத்தீன் பாட்டு ஒன்று இருக்கிறது. அதில் முதல் மோதலிலேயே எறிந்த ஈட்டி பட்டு, வாளால் வெட்டுண்டு விழுகிறான். ஒரு பாதிரி தலையை அறுத்து பிஷப் ஹெர்பர்ட்டிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பிஷப் கண்கலங்கி, ஸ்காட்லாந்தின் புனிதர்களுக்கே புகழ் என்கிறார். நகரமே பயந்து ஓடியதையும் அந்தப் பாட்டு மறைக்கவில்லை, அதனால் எனக்கு அதன்மேல் மரியாதை.

மேன் குறிப்பேடு நாலு சொல்லில் முடித்துவிடுகிறது: 160 கப்பலோடு வந்தான், ரென்ஃப்ரூவில் இறங்கினான், செத்தான், கூட ஒரு மகனும் செத்தான்.

திண்ணைவாசகி

எப்படிச் செத்தான் என்பதை விட ஏன் அங்கே போனான் என்பதுதான் எனக்குப் புரியாமல் உறுத்தும். 1160-இல் அரசனோடு சமாதானம் ஆகிவிட்டதே. அந்தக் கிறிஸ்துமஸில் பெர்த்தில் எழுதிய ஒரு சாசனத்தில் காலத்தைக் குறிக்கவே "அரசரும் சோமர்லெட்டும் சமாதானமானதற்கு அடுத்த கிறிஸ்துமஸ்" என்று போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய சம்பவம் அது. வயதும் ஆகிவிட்டது. எதற்கு மறுபடி?

நாள்காட்டி

ரென்ஃப்ரூ யாருடைய ஊர் என்று பாருங்கள். அரசனின் அரண்மனைப் பொறுப்பாளர் வால்டர் ஃபிட்ஸ் ஆலனுடையது. பிரிட்டனியிலிருந்து வந்த குடும்பம், கிளைட் ஆற்றின் முகத்துவாரத்தில் நிலம் வாங்கி மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதே 1160-இல்தான் அரசன் காலோவேக்குள் மூன்று முறை படை நடத்தி ஃபெர்கஸை அடக்கினான். கிழவன் ஹோலிரூட் மடத்தில் துறவியாகி மறு ஆண்டு இறந்தான். தன்னைப் போன்ற ஒரு கடற்கரை அதிபதிக்கு என்ன நேர்ந்தது என்று சோமர்லெட் பார்த்துவிட்டான். அடுத்தது கிளைட் வாய் வழியாகத் தன் பக்கம்தான் என்று அவன் நினைத்திருந்தால், வந்து அடிக்கும்வரை காத்திருக்காமல் வால்டரின் வாசலுக்கே போனது புரிகிறது. இப்படி விளக்கம் சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், எனக்கும் இதுதான் பொருந்துகிறது.

அவன் செத்ததும் கோட்ரெட் நார்வேயிலிருந்து திரும்பி மேன் தீவை மீட்டுக்கொண்டான். ஆனால் 1156-இல் பிரிந்த தீவுகள் சோமர்லெட்டின் மகன்களிடமே தங்கிவிட்டன. டுகால் வழி மெக்டூகல், ராக்னால்டின் மகன் டொனால்ட் வழி மெக்டொனால்ட். வாளால் 1158-இல் பிடித்தது ஆறு ஆண்டில் கைநழுவியது, மனைவி வழியில் வந்தது 300 ஆண்டு நின்றது.

குறும்பன்

திண்ணைவாசகி அக்கா இதைத்தானே முதல் பக்கத்திலேயே சொன்னார்.

கரையோரன்

சரி, இப்படிச் செய்யப்போகிறேன். பழைய மூன்று அத்தியாயத்தையும் எடுத்துவிட்டேன். 1155-இல் தோர்ஃபின் வந்து பையனைக் கேட்கும் இரவில் தொடங்குகிறேன். வீட்டில் மூன்று பேர்: கேட்டதும் உள்ளுக்குள் குதிக்கும் அப்பா, தன் தம்பிக்கு எதிராகப் பிள்ளையை அனுப்ப வேண்டிய அம்மா, நடுவில் டுகால். முதல் பாகம் முழுவதும் பையனைக் கப்பலில் வைத்துக்கொண்டு தீவு தீவாகப் போவது. ஓலாஃப் கொலை ராக்ன்ஹில்டின் நினைவாக வரும். மாரிஸ் மெக்நீல் இருப்பான், மீன்கொத்திக்காக. ஆனால் கப்பலில் ஓட்டை போட்டதாக அவனே கள்ளுக்கடையில் பெருமையடிப்பான், யாரும் நம்பமாட்டார்கள்.

சோமர்லெட்டை அவன் பார்வையிலிருந்து எழுதுவதா, வேண்டாமா என்பதில்தான் தயக்கம்.

சுக்கான்

வேண்டாம். அவன் மனசுக்குள் என்ன என்று அந்தக் காலத்துக்காரர்களுக்கே தெரியவில்லை. பால் என்ற அந்தத் தலைவனை எடுத்துக்கொள்ளுங்களேன். இரவில் நழுவிப்போய் கோட்ரெட்டிடம் சொன்னவன். குறிப்பேட்டில் அவனுக்கு ஒரு பெயரும் ஒரு ஓட்டமும்தான் இருக்கிறது. அதுவரை தோர்ஃபின் ஆட்களோடு ஒரே கப்பலில் இருந்தவனாக வைத்தால், பையனைக் கிட்டத்திலிருந்து பார்ப்பான், சோமர்லெட்டை எட்ட நின்று பார்ப்பான்.

கரையோரன்

அடடா. அவனை எந்தத் தீவுக்காரனாக வைப்பது?

சுக்கான்

ஸ்கை. பங்கு போட்டபின் கோட்ரெட் வம்சத்தின் கையில் தங்கிய இடம். காட்டிக்கொடுத்த பிறகு அவன் வீடு திரும்பி நிம்மதியாக வாழ முடிந்திருக்கும். ஓடுவதை டிசம்பரில் வையுங்கள், தென்மேற்குக் காற்று முகத்தில் அடிக்கும், மேன் போய்ச் சேர்வதற்குள் ஓர் அத்தியாயம் முழுக்க வரும்.